கூரைப் பொத்தலில் வந்த மயில்

எங்கள் வீட்டு உள்ளறைக் கூரையில் ஒரு பொத்தல் இருந்தது. முந்தின வருஷத்து ஆடிக்காற்றில் புளியங்கிளை ஒன்று முறிந்து விழுந்து நாலைந்து ஓடுகளை நொறுக்கிவிட்டுப் போயிருந்தது. மாற்றுகிறேன், மாற்றுகிறேன் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தாரே தவிர ஓடு மாற்றவில்லை. மழை வந்தால் ஏணி போட்டு ஏறிக் கோணிச் சாக்கைப் போட்டு மூடுவார். வெயில் வந்தால் எடுத்துவிடுவார். அந்தச் சோம்பலை நான் இன்றைக்கும் திட்டுவேன். மகராசன், ஒரு நாள் வேலை அது.

அம்மாவுக்கு மட்டும் அதில் குறை இல்லை. உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. யுத்த காலம் வேறு, மண்ணெண்ணெயைக் கண்ணில் காட்ட மாட்டார்கள். பட்டப்பகலில் கூட அந்த அறையில் எதிரே இருப்பவர் முகம் தெரியாது. பொத்தலுக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் அம்மா மந்தார இலை தைப்பாள். சாப்பாட்டு இலைகள். கட்டுக்கட்டாகச் சேர்ந்ததும் அப்பா வண்டியில் ஏற்றி மொரப்பூர் ஸ்டேஷன் பக்கத்து ஓட்டல்களுக்குக் கொண்டுபோய்ப் போடுவார்.

எனக்கு அப்போது பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்த வயது. வாய் ஓயாது. வாசல் புங்கமரத்தடியில் ஒரு நாள் இலை அடுக்கிக்கொண்டிருந்தபோது அம்மாவிடம் கேட்டேன். மரத்தில் இலைக்கு இலை சந்து கோணலும் மாணலுமாக இருக்கிறது, கீழே மண்ணில் விழுகிற வெளிச்சம் மட்டும் எப்படி அச்சில் வார்த்த மாதிரி வட்டம் வட்டமாக விழுகிறது? அம்மா தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தாள், குனிந்து மண்ணைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் அவளுக்கு வெட்கமில்லை.

மறுநாள் உள்ளறையில் ஒரு இலையில் கருவேல முள்ளால் ஒரு குத்து குத்தி, குச்சியில் செருகிப் பொத்தலுக்குக் கீழே உயரமாகப் பிடித்தாள். தரையில் வட்டமாக ஒரு வெளிச்சம் விழுந்தது. துளையை வேண்டுமென்றே முக்கோணமாகக் கிழித்தாள். அப்போதும் வட்டம்தான். அம்மா என்னைப் பார்த்தாள். அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் பைத்தியம்.

முதலில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், அப்புறம் தேள், அப்புறம் தட்டாம்பூச்சி. கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி இலையில் கரியால் புள்ளி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக முள்ளால் குத்துவோம். புள்ளிக்குப் புள்ளி இரண்டு விரற்கடையாவது தள்ளி இருக்க வேண்டும். நெருங்கினால் கீழே வெளிச்சம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கூழாகிவிடும். குத்தி முடித்ததும் நான் தானியக் குதிர்மேல் ஏறி, பொத்தலுக்குக் கீழே மூங்கில் சட்டத்தில் இலையைச் செருகுவேன். இருட்டறைத் தரையில் தேள் வந்து படுக்கும். அம்மா அதற்குள் கையை நீட்டித் தன் முழங்கைமேல் தேளை ஏறவிடுவாள். எனக்குக் கூச்சம் தாங்காது.

பெரிய வேலை மயில். மலையிலிருந்து எங்கள் சாமைக் கொல்லைக்கு மயில்கள் இறங்கி வந்து தின்றுவிட்டுப் போகும். அம்மா விரட்டப் போனவள் விரட்டாமல் நின்று பார்த்துவிட்டு வந்தாள். பல இலைகளை இரட்டையாக வைத்துத் தைத்து, தாம்பாளம் அகலத்துக்கு ஒன்று செய்து, தோகை விரித்த மயிலை அதில் குத்தினோம். தரையில் அது விழுந்த அன்று அம்மா சும்மா பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் களி அடிபிடித்துப் போயிற்று.

அப்போது அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது.

எனக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்த வேகத்திலேயே போய்விட்டன. ஊரில் பிரசவம் பார்க்கிறவள் அப்பாவின் அக்காதான், என் அத்தை. தாலியறுத்து எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்தாள். அந்த இரண்டையும் கையில் வாங்கியவள் அவளே, துணி சுற்றிக் கொடுத்தவளும் அவளே. இந்த முறை அவள் அம்மாவைக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தாள். இதுவும் தங்காவிட்டால் தம்பிக்கு வேறு பெண் பார்த்துவிடுவேன் என்று மறைவாகக் கூடச் சொல்லவில்லை, அம்மா காதுபடவே சொன்னாள். மலைப்பக்கத்தில் ஒரு இடம் கூடப் பார்த்து வைத்திருந்தாள். அப்பா அதற்கு ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. எனக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

ஆடி அமாவாசையன்று சூரிய கிரகணம் என்று தகவல் வந்ததும் அத்தை பரபரவென்று ஆகிவிட்டாள். பிள்ளைத்தாய்ச்சிமேல் கிரகண வெளிச்சம் ஒரு பொட்டுக்கூடப் படக் கூடாது. பட்டால் பிள்ளைக்கு உதடு பிளந்திருக்கும். அவள் எதையும் அறுக்கக் கூடாது, குத்தக் கூடாது, சொறிந்துகொள்ளக் கூடக் கூடாது. கை காலை நீட்டி அசையாமல் படுத்திருக்க வேண்டும். ஊரில் எல்லோரும் நம்பியதுதான். அம்மாவும் நம்பினாள். நானும் நம்பினேன். அதை இப்போது எளிதாகச் சிரித்துவிட்டுப் போகலாம், அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அன்று காலையில் பேய்க்காற்று. பொத்தலை மூட வைத்திருந்த சாக்கு நார் நாராகக் கிழிந்து பறந்துபோயிருந்தது. நானும் அத்தையும் கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தோம், கிரகணம் பிடித்த பிறகு தண்ணீர் எடுக்கக் கூடாது என்பதால் அவசரம். அப்பா வேறு சாக்குத் தேடியிருக்கிறார். தானியம் கொட்டி வைக்காத சாக்கு ஒன்றும் இல்லை. உள்ளறையில் குதிருக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த இலைகளில் எது பெரியதோ, எது தடிமனோ, அதை எடுத்துக்கொண்டு கூரைமேல் ஏறிப் பொத்தலை மூடி நாலு பக்கமும் கல் வைத்துவிட்டு இறங்கிவிட்டார். தைத்த இலையில் துளை இருப்பது உலக வழக்கம். முள்முனைத் துளைகளை அவர் எங்கே பார்த்தார்.

அத்தை எங்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். துணைக்கு நான் இருக்கலாம் என்று விட்டாள். வெளியே வாசல் மரத்தடியில், கதவைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்தாள். அம்மா பாயில் மல்லாந்து படுத்தாள். கண் இருட்டுக்குப் பழகியது.

அம்மாவின் வயிற்றின்மேல் மயில் இருந்தது.

நான் கையை நீட்டிக் காட்டினேன். அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. உருண்டு அந்தப் பக்கம் போகப் பார்த்தாள். தோகை அவள் முதுகில் ஏறியது. அறை முழுக்க இலைக்கட்டு, குதிர், பானை. ஒதுங்க ஒரு முழம் இடமில்லை. நான் பாயைப் பிடித்து இழுத்தேன். பாய் இழுபட்டுப் பானையில் மோதியது.

“என்னாடி சத்தம் அங்க?” வெளியிலிருந்து அத்தை குரல். “அசையக் கூடாதுன்னு சொன்னனா இல்லியா? கொடி சுத்திக்கும், படுத்துக் கெட.”

அம்மா பாதி உருண்டபடியே உறைந்துபோனாள். அசைந்தால் கொடி சுற்றும், அசையாவிட்டால் உதடு பிளக்கும். நான் குதிர்மேல் ஏறி இலையை மறைக்கப் பார்த்தேன். அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டாள். கீழிருந்து இடித்துக் கல் நகர்ந்தால் இலை விலகி, முழுச் சூரியனும் உள்ளே வந்துவிடும் என்று கிசுகிசுத்தாள். அத்தையைக் கூப்பிட்டால் கதவைத் திறப்பாள், அதைவிட மோசம். அம்மா என் கணுக்காலை விடவில்லை.

அந்த நேரத்தில்தான் புள்ளிகள் மாறின. மயிலின் தோகையில் ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு ஓரம் குறைந்திருந்தது. எல்லாவற்றிலும் ஒரே பக்கம், ஒரே அளவு. எலி கடித்த அப்பம் மாதிரி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடி பெரிதாயிற்று.

“இது முள்ளு ஓட்டையோட வட்டம் இல்ல புள்ள,” என்றாள் அம்மா, மூச்சுக்காற்றில். “இது ஒவ்வொண்ணும் சூரியன். இத்தினி நாளா சூரியன வச்சிக்கிட்டு வெளாடியிருக்கறோம்.”

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பயமா, சந்தோஷமா என்று கேட்டால் இரண்டும்தான். அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அதுவரைக்கும் முந்தானையை வயிற்றின்மேல் அடுக்கடுக்காக மடித்துப் போட்டுக்கொண்டிருந்தவள் அதை விட்டுவிட்டாள். மறுபடி மல்லாந்து படுத்து, இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் பரப்பி, முடிந்தவரை தன் கையில் வாங்கிக்கொண்டாள். விரல் சந்தில் விழுந்ததை அவளால் தடுக்க முடியவில்லை. வெளிச்சம் சாம்பல் பூத்தது. மயில் முழுக்க நகத்துண்டு மாதிரி மெல்லிய பிறைகள். வெளியே காக்கைச் சத்தம் நின்றுபோயிற்று. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை, அவ்வளவு பயந்ததும் இல்லை.

கதவிடுக்கில் கண்ணை வைத்து அத்தை வருகிறாளா என்று பார்த்தேன். அவள் புங்கமரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டு சாமி பெயர் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் வெள்ளைச் சேலை முழுக்க, தலை, தோள், மடி எல்லாம், நூற்றுக்கணக்கில் பிறைகள் விழுந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

கிரகணம் விட்டதும் அத்தை தலை முழுகிவிட்டு வந்து கதவைத் திறந்தாள். எங்களால் எதையும் மறைக்க முடியவில்லை. அம்மா வயிற்றில் முழு வட்டங்களோடு மயில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. அத்தை அதைப் பார்த்தாள், நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். வெளியே போய் அப்பாவை ஏறச் சொன்னாள். இலை இறங்கி வந்ததும் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

வயிற்றுப் பிள்ளையோடு முள்ளால் இத்தனை குத்து குத்தியிருக்கிறாளே, இவள் பொம்பளையா என்று ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. அம்மா தலை குனிந்து நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. “உங்க மேலயுந்தான் விழுந்துச்சி அத்த, சீல பூரா விழுந்துச்சி,” என்று கத்திவிட்டேன்.

“எனக்கு என்னாடி இருக்குது வயித்துல?” என்றாள் அத்தை.

அப்புறம் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள், குரலை உயர்த்தாமல். “ரெண்டத் துணி சுத்திக் குடுத்தேன். மூணாவதும் அப்பிடி ஆச்சுன்னா தை மாசம் அந்த மலப்பக்கத்து எடத்த முடிச்சிருவேன். அப்ப வந்து அழுவாத.”

அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். “அத அங்க வச்சது நாந்தாக்கா,” என்றார். “அவ வெக்கல. பாக்காம வச்சேன். ஆனது ஆவட்டும், எம் மேல போடு.” அப்பா அத்தையை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அவரே பயந்துபோனார்.

இலையை அத்தை அடுப்பில் போட்டாள். அப்பா இரட்டைச் சாக்கு போட்டு, ஓரமெல்லாம் மண் பூசிப் பொத்தலை அடைத்தார். உள்ளறை செத்துப்போயிற்று.

அதன்பிறகு பிள்ளை பிறக்கிற வரைக்கும் வீட்டில் சிரித்துப் பேசியவர்கள் இல்லை. அம்மாகூடத் தேறிவிட்டாள், அப்பாதான் தேறவில்லை. சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். ஒரு தடவை மொரப்பூர்ச் சந்தைக்கு என்னையும் வண்டியில் கூட்டிப்போனார். கயிறு விற்கிற ஒருவருக்கு மேலுதடு பிளந்திருந்தது. நான் வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். அவர் பழகினவர் போல என்னைப் பார்த்துச் சிரித்து, ஒரு துண்டுக் கயிற்றில் முடிச்சுப் போட்டு விளையாடக் கொடுத்தார். நல்ல மனுஷன். அப்பா வாங்க வந்த கயிற்றை வாங்காமலே வண்டியைத் திருப்பிவிட்டார். ஊர் வந்து சேரும்வரை மாட்டைக்கூட அதட்டவில்லை. அன்றோடு அவர்மேல் இருந்த கோபம் எனக்கு விட்டுப்போயிற்று.

புங்கமரத்தடியில் வெளிச்ச வட்டங்கள் விழத்தான் செய்தன. அம்மா அவற்றைக் காலால் தொட்டபடி ஒரு நாள் என்னிடம் கேட்டாள், மரத்துக்கெல்லாம் யார் போய்ச் சாக்கு போடுவார்கள் என்று. ஆனால் ராத்திரியில் அவள் தன் உதட்டைத் தானே தடவிப் பார்த்துக்கொள்வதையும் நான் பார்த்திருக்கிறேன்.

கார்த்திகை மாசத்தில் ஒரு விடியற்காலையில் வலி கண்டது. அத்தை உள்ளறையில் அம்மாவோடு கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் அப்பாவும் வாசலில் நின்றோம். வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. ஒரு வழியாகக் குழந்தை வீறிட்டது. அப்பா என் தோளை அழுத்திப் பிடித்ததில் எனக்கு வலித்தது. அழுகை நிற்கவில்லை. போன இரண்டும் அழவே இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது, அவருக்குத் தெரியும்.

அத்தை வெளியே வந்தாள். “பொம்பளப் புள்ள,” என்றாள். அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. வெந்நீர் எடுக்கப் பின்கட்டுக்குப் போனாள். அப்பா வாயைத் திறந்தார், கேட்க வரவில்லை. அவருக்கு உள்ளே போகவும் வழியில்லை. தீட்டு கழியும் வரை பிள்ளை பெற்ற அறையில் ஆண்பிள்ளை கால் வைக்கக் கூடாது.

நான் நழுவி உள்ளே போய்விட்டேன். சுவரோரம் ஆமணக்கெண்ணெய் அகல் ஒன்று முணுக் முணுக்கென்று எரிந்தது, அதன் மூஞ்சியே அதற்குத் தெரியாது. அம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். மடியில் துணிப்பொட்டலம். அதற்குள் முகம் எங்கே என்றுகூடத் தெரியவில்லை. அம்மாவும் இன்னும் பார்க்கவில்லை. விரலை வைத்துத் தடவிப் பார்க்கவும் அவளுக்குத் துணிவில்லை என்று புரிந்தது.

கூரையில் ஓடு நொறுங்குகிற சத்தம் கேட்டது. மண் உதிர்ந்தது. குழந்தைமேல் விழாமல் அம்மா குனிந்து முதுகால் மறைத்துக்கொண்டாள். சாக்கை யாரோ பிய்த்து எறிகிறார்கள். ஒரு கணம் வெளிச்சம் உள்ளே குதித்தது, உடனே இருண்டது. பொத்தல் நிறைய அப்பாவின் தலை.

“தெரியல,” என்றார் மேலிருந்து. குரல் உடைந்திருந்தது. “ஒண்ணும் தெரியல புள்ள. ஒதடு எப்பிடி இருக்குது? பாத்துச் சொல்லு.”

அம்மா அண்ணாந்து பார்த்தாள்.

“எப்பிடித் தெரியுங்க? உங்க தலதான் மறைக்குது. கொஞ்சம் தள்ளிக்குங்க.”

அப்பா தள்ளினார். வெயில் நேராக இறங்கியது. அம்மா பொட்டலத்தை இரண்டு கையாலும் தூக்கி, துணியை விலக்கி, மகளின் முகத்தை அந்த வெளிச்சத்துக்குள் நீட்டினாள். குழந்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு கோபமாக வாயைத் திறந்து அழுதது. மேலுதடு, கீழுதடு, நடுவில் ஒரு கீறல் இல்லை.

வாசற்படியில் வெந்நீர்க் குண்டானோடு அத்தை நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. தீட்டறைக்குள் எட்டிப் பார்த்ததற்கு இன்றைக்கு அப்பா தொலைந்தார் என்று நினைத்தேன். அத்தை குண்டானை இறக்கி வைத்துவிட்டு அண்ணாந்தாள்.

“நல்லாப் பாத்துக்கடா,” என்றாள். “நான் இருட்டுல மூணு வாட்டி தடவிப் பாத்துட்டேன். எனக்கே நம்பிக்க வரல.”